அரை மணி நேரம் ஜில்லென்று வருகிறது, அப்புறம் வெறும் காற்று: கம்ப்ரசரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மண்டிக்காரன், பாலக்கோடு:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2009 மாடல் டீசல் கார், சின்ன வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். இத்தனை வயசான வண்டிக்குக் கம்பெனியைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது. என் மாமா ஓட்டிக்கொண்டிருந்தார், அவர் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். இன்ஜின், கியர், பாடி எதிலும் குறையில்லை. ஏ.சி. ஒன்றுதான் உயிரை எடுக்கிறது.

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். ஏலம் முடிந்ததும் வசூலுக்கு ராயக்கோட்டை, தருமபுரி என்று சுற்ற வேண்டும். மாதம் ஒருமுறை அம்மாவைச் சேலத்துக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏ.சி. அருமையாக இருக்கும், அம்மாவே குறைக்கச் சொல்வார். தருமபுரி தாண்டி அதியமான்கோட்டை வரும்போது காற்று மெல்லச் சூடாகும். தொப்பூர் இறக்கத்தில் சுத்தமாக வெறும் காற்று. கண்ணாடியை இறக்கினால் முன்னால் போகிற லாரியின் பிரேக் கருகிய வாடை உள்ளே வந்து நிரம்பும். ஏற்றினால் வேகும்.

கவனித்ததைச் சொல்கிறேன். புளோயர் வேகம் குறைவதே இல்லை, காற்று அதே அழுத்தத்தில்தான் வருகிறது, குளிர்ச்சிதான் இல்லை. இன்ஜின் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. வண்டியை நிழலில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் மறுபடி நன்றாகிவிடும். விடியற்காலையிலும் மழை நாளிலும் தொந்தரவே கிடையாது.

முதலில் காட்டிய கடையில் கேஸ் கம்மி என்று சொல்லி ஏற்றினார்கள். வீடு வரும்வரை ஜில்லென்று இருந்தது, சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த சேலம் பயணத்தில் பழைய கதை. இன்னொரு கடையில் மறுபடி கேஸ். அப்போதும் அப்படியே. கடைசியாகப் போன இடத்தில், வண்டி சூடாக இருந்து ஏ.சி. வராத நேரத்திலேயே கேஜ் மாட்டிப் பார்த்தார்கள். ஏ.சி. போட்டிருக்கும்போதே லோ சைடு (கம்ப்ரசருக்குள் கேஸ் போகிற பக்கம்) அழுத்தம் 90 பி.எஸ்.ஐ., ஹை சைடு (கம்ப்ரசர் வெளியே தள்ளுகிற பக்கம்) 130. "கம்ப்ரசர் பம்ப் பண்ணவே இல்லை, மாற்றணும். டிரையர் (ஈரம் உறிஞ்சுகிற டப்பா), கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 24,000 ஆகும்" என்கிறார்கள். வண்டியையே இப்போது விற்றால் எவ்வளவு தேறும் என்று யோசியுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டுமா? இல்லை, கண்ணாடியை இறக்கிக்கொண்டு இப்படியே ஓட்டிவிடலாமா?


அரூர்க்காரன்:

24,000 எல்லாம் கொடுக்காதீங்க. எங்கள் பக்கம் ஒருவர் வேறு கேஸ் போடுகிறார், அடுப்பு கேஸ் வகைதான். பாதி விலை, பழைய கம்ப்ரசரிலும் நல்ல ஜில். எனக்குப் போட்டு ஒரு கோடை ஓடிவிட்டது.


காவேரிப்பட்டணம் எலெக்ட்ரிக்கல்:

அரூர்க்காரரே, முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த கேஸ் குளிரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எரிகிற கேஸ். காரின் கூலிங் காயில் எங்கே இருக்கிறது? டேஷ்போர்டுக்குள். பழைய வண்டியில் ஒழுகுகிற இடங்களில் அதுவும் ஒன்று. ஒழுகினால் நேராக நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வரும், கண்ணாடியும் ஏற்றியிருக்கும். உள்ளே யாராவது பீடி பற்ற வைத்தாலோ, சுவிட்சில் ஒரு பொறி வந்தாலோ போதும். ஆர் 134ஏ என்கிற ஏ.சி. கேஸுக்காகச் செய்த வண்டியில் அந்த 134ஏ-வைத்தான் போட வேண்டும். தயவுசெய்து அந்த அடுப்பு கேஸை எடுத்துவிடுங்கள்.

இப்போது மண்டிக்காரருக்கு. தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். கடைக்காரர்கள் யாரும் உங்களிடம் கேட்காத விவரமெல்லாம் இதில் இருக்கிறது. ஆறினால் வேலை செய்கிறது, சூடானால் நின்றுவிடுகிறது, காற்று குறைவதில்லை. இதுதான் முக்கியம். கேஸ் கம்மியாக இருக்கிற வண்டி காலையிலும் சரியாகக் குளிராது. விடியற்காலையில் கும்மென்று குளிர்ந்து மத்தியானம் மட்டும் கேஸ் கம்மியாகி, ஒரு மணி நேரம் நிறுத்தினால் கேஸ் திரும்பி வந்துவிடுமா? ஏ.சி. கேஸ் என்பது டீசல் மாதிரி தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகல் எங்கே என்று பார்க்காமல் ஏற்றுகிற கேஸ் காசுக்குப் பிடித்த கேடு.

கேஸ் ஏற்றியதும் வீடு வரை நன்றாக இருந்தது என்கிறீர்களே, அது கேஸின் வேலை இல்லை என்று நினைக்கிறேன். கடையில் வண்டி பானெட்டைத் திறந்துபோட்டு எவ்வளவு நேரம் நின்றிருக்கும்? ஆறிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த 90, 130 கணக்குக்கு வருவோம். கம்ப்ரசர் உண்மையிலேயே போயிருந்தாலும் இப்படித்தான் காட்டும்: லோ ஏறும், ஹை இறங்கும், இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கும். ஆனால் கம்ப்ரசர் சுற்றாமல் சும்மா நின்றாலும் இரண்டு முள்ளும் இப்படித்தான் நெருங்கும். கம்ப்ரசரின் முன்னால் புல்லி, அதன் மேல் ஒரு கிளட்ச் பிளேட். பெல்ட் புல்லியை எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். ஏ.சி. போட்டால் உள்ளே இருக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருள், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் வேறு) கரண்ட் போய், காந்தம் பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் கம்ப்ரசர் சுற்றும். கேஜைப் பார்த்தவர் அந்தப் பிளேட்டைப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி.

இதைச் செய்யுங்கள். வண்டியை நன்றாக ஓட்டி, காற்று சூடானதும் ஓரங்கட்டுங்கள். இன்ஜினையும் ஏ.சி.யையும் நிறுத்தாதீர்கள். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, தள்ளி நின்று கண்ணால் மட்டும் பாருங்கள். வேட்டி, துண்டு, தொங்குகிற சட்டை எதுவும் வேண்டாம், பெல்ட் இழுத்துவிடும்.

பிளேட் புல்லியோடு சேர்ந்து சுற்றியும் குளிரவில்லை என்றால் சங்கதி வேறு. சிஸ்டத்துக்குள் ஈரம் இருந்து, கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் உறைந்து அடைத்திருக்கலாம். அதுவும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும், நிறுத்தி வைத்தால் உருகிச் சரியாகும். அப்போது லோ சைடு முள் கீழே விழும், சில சமயம் சைபருக்கும் கீழே போகும். உங்களுக்கு 90 இருப்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு.

பிளேட் நிற்கிறது, புல்லி மட்டும் சுற்றுகிறது என்றால் ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்து கிளட்ச் ஒயரில் டெஸ்ட் லாம்ப் போடச் சொல்லுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் ரிலே, பிரஷர் சுவிட்ச், கூலிங் காயில் சென்சார் என்று பின்னோக்கித் தேட வேண்டும். விளக்கு பளிச்சென்று எரிந்தும் பிளேட் ஒட்டவில்லை என்றால் 24,000 ரூபாயைப் பத்திரமாகப் பையில் வையுங்கள்.


ஓசூர் டீச்சர்:

எனக்கும் கொஞ்ச நேரம் வந்து நிற்கிற கதைதான், ஆனால் எனக்குக் காற்றே வராமல் போகும். சூளகிரி வருவதற்குள் புளோயர் நான்கில் வைத்தாலும் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் வரும். கூலிங் காயில் முழுக்க ஐஸ் கட்டிவிட்டதாம். காயிலில் செருகியிருந்த சென்சார் கெட்டுப்போனதால் கம்ப்ரசர் நிற்கவே இல்லை. அதோடு கேபின் ஃபில்டரில் புங்க இலையும் தூசியும் ஒரு படுக்கையே போட்டிருந்தது. மண்டிக்காரர் காற்று குறையவில்லை என்று எழுதியிருப்பதால் அவருடையது இதுவல்ல. படிக்கிற வேறு யாருக்காவது உதவுமே என்று எழுதுகிறேன்.


பர்கூர் கல்:

கண்டென்சரையும் (வண்டியின் முன்னால் இருக்கும், கேஸின் சூட்டை வெளியேற்றுகிற வலை) பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கிரானைட் தூள் கண்டென்சர் இடுக்கில் படிந்து, மேலே ஒரு மழைத்தூறல் பட்டால் சிமென்ட் பூச்சுதான். வண்டி ஓடும்போது குளிர்ச்சி இருக்கும், கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் நின்றால் போய்விடும். நான் மாதம் ஒருமுறை தண்ணீர் அடிக்கிறேன். பிரஷர் பம்ப் வேண்டாம், கண்டென்சர் தகடு ஈயத்தாள் மாதிரி மடங்கிவிடும், சாதா ஹோஸ் போதும்.


காவேரிப்பட்டணம் எலெக்ட்ரிக்கல்:

பர்கூர்க்காரர் சொல்வது சரி. ஓடும்போது வந்து நிற்கும்போது போனால் கண்டென்சர் தூசி, இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் ஃபேன். ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மண்டிக்காரருக்குத் தொப்பூர் இறக்கத்தில், நல்ல காற்றோட்டத்தில் போகிறது. அதனால்தான் ஃபேனை நான் முதலில் சொல்லவில்லை.


மண்டிக்காரன், பாலக்கோடு:

அண்ணா, பார்த்துவிட்டேன். தருமபுரி கலெக்டர் ஆபீஸ் தாண்டிப் புளியமரத்தடியில் நிறுத்திப் பார்த்தேன். பிளேட் நிற்கிறது! புல்லி மட்டும் தனியாகச் சுற்றுகிறது. போனில் வீடியோ எடுத்து, எங்கள் ஊர் எலெக்ட்ரீஷியனிடம் போய்க் காட்டினேன். டிராக்டருக்கும் லாரிக்கும் வேலை பார்ப்பவர், ஏ.சி. எனக்குத் தெரியாதுப்பா என்றார். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியதும், இது கரண்ட் வேலைதானே என்று ஒத்துக்கொண்டார்.

வண்டியைச் சூடாக்கி டெஸ்ட் லாம்ப் போட்டார். பளிச்சென்று எரிகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 13.4 வோல்ட். பிளேட் அசையவில்லை. அவர் ஒரு நீளமான மரக் கைப்பிடியால் ஓரமாக நின்று பிளேட்டை லேசாகத் தட்டினார். டக் என்று ஒட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது, ஒரே நிமிஷத்தில் உள்ளே ஜில். எனக்கு அந்த 24,000-ஐ நினைத்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இனி என்ன செய்வது? காயில் மாற்ற வேண்டுமா? தினமும் தட்டிக்கொண்டு ஓட்ட முடியாதே.


காவேரிப்பட்டணம் எலெக்ட்ரிக்கல்:

தட்டுகிற வேலையை இத்தோடு விட்டுவிடுங்கள். ஓடுகிற பெல்ட் பக்கத்தில் அது ஆபத்து. சோதனைக்கு ஒருமுறை போதும், அதுவும் கை பழகியவர் செய்ததால் சரி.

பிளேட்டும் புல்லியும் ஒட்டும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேயத் தேய இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பெரிதாகும். பெரும்பாலான வண்டிகளில் இந்த இடைவெளி 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிகமானால் காந்தத்துக்கு எட்டாது. சரி, காலையில் மட்டும் எப்படி எட்டுகிறது? காயில் செப்புக் கம்பி. சூடேறினால் செப்பின் மின்தடை கூடும். ஆறியிருக்கும்போது 20 டிகிரியில் 3.6 ஓம் காட்டுகிற காயில், இன்ஜின் சூட்டில் 100 டிகிரிக்குப் போனால் 4.7 ஓம் ஆகிவிடும். வோல்ட் அதேதான், ஆனால் கரண்ட் கால்வாசி குறைந்துவிடும், இழுக்கிற பலமும் அதற்கேற்ப இறங்கும். காலையில் எட்டிப் பிடித்த பிளேட்டை மத்தியானம் பிடிக்க முடியாது. நீங்கள் மழை நாளில் தொந்தரவு இல்லை என்று எழுதியபோதே எனக்கு இங்கேதான் மனம் போனது.

செய்ய வேண்டியது: இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) இடைவெளியில் விட்டு மூன்று இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். 0.6-க்கு மேல் இருந்தால் பிளேட்டின் நடு போல்ட்டைக் கழற்றி பிளேட்டை வெளியே எடுக்க வேண்டும். உள்ளே மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். அதில் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினால் பிளேட் உள்ளே தள்ளி உட்காரும். மறுபடி அளக்க வேண்டும். ரொம்பக் குறைந்தாலும் ஆகாது, ஏ.சி. நிறுத்தியிருக்கும்போதும் பிளேட் உரசிக் கருகிவிடும். கேஸை வெளியேற்ற வேண்டியதில்லை, எந்தக் குழாயையும் கழற்ற வேண்டியதில்லை. அதோடு ஆறியிருக்கும்போது காயில் எத்தனை ஓம் என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 3-லிருந்து 4-க்குள் இருந்தால் காயில் நல்ல காயில், மாற்றாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் வண்டியில் மேலே மேலே கேஸ் ஏற்றியிருக்கிறார்களே, அதுதான் இப்போது எனக்குக் கவலை. ஏற்கெனவே நிறைந்த சிஸ்டத்தில் இன்னும் ஏற்றினால் ஹை சைடு எகிறும், கம்ப்ரசர் சுற்றவே திணறும், தேய்ந்த பிளேட் இன்னும் வழுக்கும். நின்ற வண்டியில் கேஜ் வைத்துப் பார்த்து அளவு சொல்கிறவரை நம்பாதீர்கள். உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலும் சரி, நிறைய இருந்தாலும் சரி, 30 டிகிரி வெயிலில் கேஜ் 97 பி.எஸ்.ஐ.தான் காட்டும். ஆர் 134ஏ-வின் குணம் அப்படி. பானெட்டின் அடிப்பக்கமோ முன் சட்டத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். கிளட்ச் சரியான பிறகு, எடை போட்டு ஏற்றுகிற மெஷின் வைத்திருக்கிற கடைக்குப் போங்கள்.


அரூர்க்காரன்:

அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு வீட்டில் திட்டு. அந்த கேஸை எடுக்கப் போகிறேன். எடுத்ததும் நேராக 134 போடலாமா?


காவேரிப்பட்டணம் எலெக்ட்ரிக்கல்:

நல்லது. திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு இல்லாத இடத்தில், கடைக்காரர் கையால் எடுக்கட்டும். முன்கூட்டியே இது வேறு கேஸ் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவருடைய மெஷினில் கலந்து நாசமாகும். டிரையரை மாற்றுங்கள், ஆயில் அளவு பார்க்கச் சொல்லுங்கள், அரை மணி நேரமாவது வாக்யூம் போடட்டும், அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சட்டும். வாக்யூம் நிறுத்தியபின் முள் அப்படியே நிற்க வேண்டும். ஏறினால் ஒழுகல்.

அப்புறம் ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. வாக்யூம் போடும்போது கேஜில் 29 அங்குலம் (பாதரச அளவு) வர வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே குறைவு என்பதால் கேஜ் 27 பக்கம்தான் காட்டும், அது சரிதான். பம்ப் போய்விட்டது என்று பையன்கள் புதுப் பம்ப் வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.


மண்டிக்காரன், பாலக்கோடு:

நடந்ததை எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். தக்காளி விலை ஏறியதில் மண்டியை விட்டு நகர முடியவில்லை.

இடைவெளி 0.9 இருந்தது. காயில் 3.5 ஓம். ஒரு ஷிம் எடுத்ததும் 0.45-க்கு வந்துவிட்டது. கூலி 400 ரூபாய் வாங்கினார், இன்னும் நூறு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார். அடுத்து சேலம் போய் வந்ததில் தொப்பூரிலும் ஏ.சி. நிற்கவே இல்லை.

ஆனால் நீங்கள் பயந்ததும் சரியாக இருந்தது. மத்தியான வெயிலில் தருமபுரி நான்கு ரோட்டில் நெரிசலில் நின்றால் குளிர்ச்சி மந்தமாகி, வண்டி ஐடிலில் நடுங்கியது. கிருஷ்ணகிரியில் எடை மெஷின் வைத்திருக்கும் ஒரு கடைக்குப் போனேன். ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது, கண்டென்சரும் சுத்தம். ஐடிலில் ஹை சைடு 330. கேஸை மெஷினுக்குள் இழுத்து எடை பார்த்தால் 640 கிராம். ஸ்டிக்கரில் இருப்பது 450! கடைக்காரர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார். வாக்யூம் போட்டு, சரியாக 450 ஏற்றினார். இப்போது அதே வெயிலில் ஐடிலில் 230 பக்கம் நிற்கிறது. நடு வென்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில் ஓடும்போது 8 டிகிரி. அம்மா மறுபடி குறைக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஒரே ஒரு பாக்கி. புல்லிப் பக்கமிருந்து மெல்லிய ஊளைச் சத்தம், ஏ.சி. போட்டாலும் போடாவிட்டாலும் வருகிறது. இது கம்ப்ரசரா அண்ணா?


காவேரிப்பட்டணம் எலெக்ட்ரிக்கல்:

ஏ.சி. போட்டால் மட்டும் வந்தால் கம்ப்ரசரைச் சந்தேகப்படலாம். போடாதபோதும் வருகிறது என்றால் பெரும்பாலும் புல்லி பேரிங், கம்ப்ரசர் அல்ல. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கரகரவென்று இருந்தால் அதேதான். பேரிங் மட்டும் தனியாகக் கிடைக்கும், நம்பரைப் பார்த்து வாங்கினால் சில நூறு ரூபாயில் முடியும். தள்ளிப்போடாதீர்கள். அது இறுகினால் பெல்ட் அறும், உங்கள் வண்டியில் அந்த பெல்ட்டே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேட்டரையும் சுற்றுகிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பேரிங் மாற்றினால் பிளேட்டைத் திரும்ப மாட்டும்போது இடைவெளியை மறுபடி அளக்கச் சொல்லுங்கள், பழைய 0.45 அப்படியே இருக்கும் என்று விட்டுவிட வேண்டாம்.